புழுப்பெட்டியில் என்ன கோளாறு? பின்ச் குருவிக்கு உயிர்ப்புழு வைத்திருப்போருக்கு

தினை, சாமை, குரக்கன் என்று தானியத்தைக் கொறித்தே நன்றாக இருக்கும் பின்ச் குருவிக்குப் புழு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். குஞ்சுக்காகத்தான். சீப்ரா பின்ச்சும் பெங்கலீஸ் பின்ச்சும் அவித்த முட்டையும் முளைத்த தானியமும் கிடைத்தால் குஞ்சை ஆளாக்கிவிடும். கோர்டன் புளூ போன்ற சின்னஞ்சிறு வகைகளிடம் அந்தப் பொறுமை கிடையாது. உயிருள்ள பூச்சி கிடைக்காவிட்டால் பொரித்த குஞ்சைப் பட்டினி போட்டுவிடும், சில வேளை கூட்டிலிருந்து தூக்கியே எறிந்துவிடும்.

குருவி வளர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. இங்கிலாந்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையிலேயே புழு கிடைக்கும். வாங்கிவந்து கொட்டிலில் வைத்தால் நாட்கணக்காக அப்படியே கிடக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நிழலிலேயே 30 பாகை. காலையில் வெள்ளையாக நெளிந்த புழு மறுநாள் கூட்டுப்புழுவாகிக் கிடக்கும். அதனால் நூலில் உள்ள நாட்கணக்கை நம்பாமல், பெட்டியைத் திறந்து கண்ணாலும் மூக்காலும் சோதிக்கப் பழக வேண்டும். இங்கே கோளாறுகளை அவை கண்ணில் படும் விதத்தில் பிரித்து எழுதியிருக்கிறேன். உயிர் போகும் விஷயம் முதலில் வருகிறது.

அதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்தப் புழு என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் இரண்டு வகைதான் வீட்டில் வளர்க்கத் தக்கவை. ஒன்று, ஈரத் தவிட்டில் வளரும் வீட்டு ஈயின் புழு: வெண்மையாக, மழமழவென்று, ஒரு முனை கூராக, மறுமுனை மொட்டையாக இருக்கும். மற்றது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு: தட்டையாக, வளையம் வளையமாக, தடித்த தோலோடு இருக்கும். கோழி வளர்ப்போர் பலர் இதை அறிவார்கள். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. பிளாக் சோல்ஜர் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அதுவரை புழு என்றால் வீட்டு ஈயின் புழுவே.

குருவி தரையில் கிடக்கிறது, கழுத்து துவண்டுவிட்டது

கால் நிற்காது, இறக்கை தொங்கும், தலையை நிமிர்த்த முடியாமல் அலகைத் தரையில் ஊன்றும். கண்ணில் மட்டும் உணர்வு இருக்கும். புழு கொடுத்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் இது தோன்றினால் பொட்டுலிசம் என்று சந்தேகியுங்கள். குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி, காற்றுப் புகாத அழுகிய இறைச்சியிலும் மீனிலும் வெப்பத்தில் பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. அந்த அழுகலைத் தின்ற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நஞ்சு அதன் உடம்பில் தங்கியிருக்கும். பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு சீப்ரா பின்ச்சுக்கு அப்படிப்பட்ட புழுக்கள் சிலவே போதும்.

செய்ய வேண்டியது: கூட்டில் கிடக்கும் எல்லாப் புழுவையும், கண்ணுக்குத் தெரியாமல் மூலையில் போனதையும் சேர்த்து, உடனே அகற்றுங்கள். செத்த குருவி கிடந்தால் அதையும் எடுத்துப் புதைத்துவிடுங்கள். அதில் மொய்க்கும் புழு அடுத்த குருவிக்கு அதே நஞ்சைக் கொண்டுவரும். துவண்ட குருவியை நிழலான, சத்தமில்லாத இடத்தில் மெத்தென்ற துணியில் வையுங்கள். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். தாமதிக்காமல் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். பெட்டியிலுள்ள புழுவிலும் கொஞ்சம் கூடவே கொண்டுபோங்கள்.

தரையில் கிடக்கும் குருவி எல்லாம் பொட்டுலிசம் கண்டதல்ல. அலகைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அது வெக்கை. பேடு மட்டும் உடம்பைப் பஞ்சுபோல் உப்பிக்கொண்டு, அடிவயிறு வீங்கி உட்கார்ந்திருந்தால் முட்டை வெளிவராமல் அடைத்திருக்கலாம். நடுக்கமும் வலிப்பும் கண்டால் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். துவளல் வேறு, வலிப்பு வேறு. வைத்தியரிடம் சொல்லும்போது இந்த வேறுபாட்டைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இது வராமல் இருக்க ஒரே வழி, புழு எங்கே வளர்ந்தது என்பதில் கண்டிப்பாக இருப்பதுதான். மீன் சந்தைக் கழிவில் நெளியும் புழு வேண்டாம். செத்த கோழியிலோ எலியிலோ எடுத்தது வேண்டவே வேண்டாம். கரையோர வாடிகளில் காயும் கருவாட்டில் விழுந்த புழுவை இலவசமாகத் தருவார்கள், அதையும் வாங்காதீர்கள். அதில் உப்பு எவ்வளவு, ஈ விரட்டத் தெளித்த மருந்து எவ்வளவு என்று தருபவருக்கே தெரியாது. கொதிநீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நஞ்சு அழிய 85 பாகைக்கு மேல் ஐந்து நிமிடமாவது வேகவேண்டும். இரண்டு வினாடி முக்கி எடுப்பதால் புழு சாகும், நஞ்சு சாகாது.

புழுவின் உடம்பில் கறுப்புப் புள்ளி தெரிகிறது

எந்தப் புள்ளி என்று முதலில் பாருங்கள். மொட்டையான முனையில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கரும்புள்ளிகள் எப்போதும் இருக்கும். அவை புழு மூச்சுவிடும் துளைகள். புதிதாக வளர்ப்பவர்கள் இவற்றைக் கண்டு கண்ணென்று நினைத்துக்கொள்கிறார்கள், அல்லது அழுக்கென்று நினைத்து நல்ல புழுவைக் கொட்டிவிடுகிறார்கள். நாம் தேட வேண்டியது கூரான முனைக்குச் சற்றுப் பின்னால், தோலுக்கு உள்ளே தெரியும் கறை. தின்ற உணவு தங்கியிருக்கும் பை அது. இறைச்சி தின்ற புழுவில் கறுப்பாகவும், தவிட்டில் வளர்ந்ததில் மண்ணிறமாகவும் தெரியும். அந்தக் கறை இருக்கும்வரை புழு குருவிக்கு ஆகாது. புழு தின்றது எதுவோ அது அப்படியே குருவியின் வயிற்றுக்குள் போகிறது.

அதை வெறுமையாக்குவது எளிது. வளர்ந்த புழுவையும் ஈரத் தவிட்டையும் சேர்த்து ஒரு அரிதட்டில் போட்டு, கீழே அகன்ற பாத்திரம் வைத்து வெளிச்சத்தில் வையுங்கள். புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. தானாகவே கண்ணறை வழியாகக் கீழே இறங்கிவிடும், குப்பை மேலே நிற்கும். நேர் வெயிலில் வைத்தால் இறங்குவதற்குள் வெந்துபோகும். முற்றத்து நிழல் போதும். இறங்கிய புழுவை நன்றாக உலர்ந்த தவிட்டில் ஒரு நாள் விடுங்கள். புழுவுக்குக் கடித்து மெல்லத் தாடை இல்லை, நீர்த்ததை உறிஞ்சித்தான் தின்னும். ஆகவே காய்ந்த தவிட்டைத் தின்ன முடியாமல் வயிற்றிலுள்ளதைக் கழித்துவிடும். உடம்பில் ஒட்டிய அழுக்கையும் தவிடு துடைத்தெடுக்கும். மறுநாள் அரித்து, புதுத் தவிட்டில் இன்னும் சில மணி நேரம். பத்துப் புழுவை வெள்ளைப் பீங்கானில் எடுத்துப் பாருங்கள். ஒன்றில்கூடக் கறை இல்லையென்றால் கொடுக்கலாம்.

ஒரு நாள் கழிந்தும் கறை மறையவில்லை என்றால், தவிடு உள்ளே ஈரமாக இருக்கிறது என்று பொருள். மாரியில் இது அடிக்கடி நடக்கும். கையில் அள்ளினால் உதிர வேண்டிய தவிடு கட்டியாக நிற்கும். சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

மூடியைத் திறந்ததும் மூக்கில் அறைகிறது

கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடி அமோனியா. புழுவின் கழிவே அதுதான். நல்ல புழுப்பெட்டியில் லேசான தவிட்டு மணம் மட்டும் வரும். நெடி வந்துவிட்டது என்றால் புழுக்கள் நெருக்கமாக இருக்கின்றன, அல்லது தவிடு நனைந்துவிட்டது, அல்லது காற்று போதவில்லை. பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே சேர்ந்துகொள்ளும்.

கையை மெதுவாகக் குவியலுக்குள் விட்டுப் பாருங்கள். வெளியைவிட உள்ளே தெளிவாகச் சூடாக இருக்கும். திரண்டு கிடக்கும் புழுக்கள் தாமே சூட்டை உண்டாக்கும்; சூடு கூடினால் வியர்த்து நனையும், நனைந்தால் மேலும் நெடி கிளம்பும். நடுவில் இருப்பவை முதலில் சாகும், செத்தவை அழுகி மற்றவற்றையும் கெடுக்கும். ஆகவே ஆழமான போத்தலைக் கைவிட்டு, அகன்ற ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாறுங்கள். புழுவும் தவிடும் சேர்ந்து இரண்டு விரல் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூடியின் நடுவைச் சதுரமாக வெட்டி, அந்த இடத்தில் நுளம்பு வலையை இரண்டாக மடித்து ஒட்டுங்கள். ஊசியால் குத்திய நாலைந்து துளை நம் வெக்கைக்குப் போதாது.

நெடி வந்த புழுவைக் காப்பாற்ற முடியுமா? உடனே அரித்து, உலர்ந்த தவிட்டுக்கு மாற்றி, மின்விசிறிக் காற்றில் அரை மணி வையுங்கள். சுறுசுறுப்பாக நெளிந்து புதையும் புழுவை எடுத்துக்கொள்ளலாம். நீண்டு தளர்ந்து கிடப்பதும், கறுத்ததும், அழுத்தினால் நீராக உடைவதும் குழிக்குத்தான். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் பொறுக்கிக்கொண்டிருக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஒரு பெட்டிப் புழுவைத் திரும்ப வளர்க்க ஒரு வாரம் போதும்.

புழுக்கள் சுவரேறித் தப்புகின்றன

உலர்ந்த புழுவால் வழுவழுப்பான பிளாஸ்ரிக் சுவரில் ஏற முடியாது. நனைந்த புழு ஏறும். ஈரமே அதைச் சுவரோடு ஒட்டவைக்கிறது. எனவே தப்பிய புழுவைத் துரத்துவதை விட்டு, ஈரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை அப்படியே மேசையில் வைத்தால் உட்சுவர் வியர்க்கும். எடுத்தவுடன் உலர்ந்த துணியால் சுவரைத் துடைத்து, ஒரு பிடி உலர்ந்த தவிட்டைத் தூவிவிடுங்கள். குருவிக்கு வைக்கும் கிண்ணத்துக்கும் இதே விதிதான். கழுவித் துடைக்காத கிண்ணத்தில் வைத்தால் புழு ஏறி இறங்கி, தரைக் குப்பைக்குள் புகுந்து ஈயாகும்.

பிரிட்ஜில் வைத்த புழு அசையவில்லை

செத்ததா, குளிரில் மரத்துக் கிடக்கிறதா என்று பார்க்க, சில புழுவை ஒரு தட்டில் போட்டு அறையில் இருபது நிமிடம் வையுங்கள். நெளிந்தால் நலம். நெளியாமல், நிறம் மங்கி, தொட்டால் தொளதொளவென்றிருந்தால் போய்விட்டது.

குளிர் புழுவைக் கொல்வதைவிடக் காற்றில்லாமையே அதிகம் கொல்கிறது. மணம் வரக்கூடாதென்று டப்பாவை இறுக்கமாக மூடி, அதைப் பையில் சுற்றி, முடிச்சும் போட்டுவிடுவார்கள். வலைமூடியோடு வைத்து, நாளுக்கு ஒரு தடவை திறந்து கிளறிவிடுங்கள். உறைபெட்டிக்கு அருகிலுள்ள மேல்தட்டு வேண்டாம். மரக்கறி வைக்கும் அடித்தட்டே நல்லது. வயிறு வெறுமையான, உலர்ந்த புழுவை மட்டும் உள்ளே வையுங்கள். கறையோடு வைத்தால் கழிவு உள்ளேயே நின்று அழுகும். அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், வீட்டு ஈயின் புழு அவ்வளவுதான் தாங்கும்.

சமைக்கும் மீனுக்குப் பக்கத்தில் புழுவா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம். ஒரு மூடிய பெரிய பெட்டிக்குள் புழு டப்பா, அதன்மேல் யாரும் மறக்காதபடி பெரிய எழுத்தில் பெயர், புழுவுக்கென்று தனி அரிதட்டு, தனிக் கரண்டி, தொட்ட பிறகு சவர்க்காரத்தில் கை கழுவல். இவற்றை ஒழுங்காகச் செய்தால்தான் அந்தத் தட்டில் இடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது, ஈ தொட்ட இடத்தில் வயிற்றோட்டக் கிருமி இருக்கும்.

பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கும் மின்சாரம் நின்ற நாட்களுக்கும் இரட்டைப் பானை இருக்கிறது. பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை, இடையில் ஆற்றுமணல், மணலுக்குத் தண்ணீர். நீர் ஆவியாகும்போது உட்பானை குளிரும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இது மிக நன்றாக வேலை செய்யும், அந்தக் காற்று அவ்வளவு வறண்டது. கார்த்திகை, மார்கழி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் நீர் ஆவியாகாது, பானையும் குளிராது. அப்போது பானையை நம்பாமல், இரண்டு நாளைக்குத் தேவையான புழுவை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ப்பைச் சிறு சிறு கும்பாக்களில், அதாவது தவிடு போட்ட பாத்திரங்களில், பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தயாராகும்படி வையுங்கள். என் கணிப்பில் நம் ஊருக்குப் பெரிய இருப்பைவிட இந்த முறைதான் எக்காலத்துக்கும் பொருத்தம்.

ஓரிரவில் எல்லாம் மண்ணிறமாகிவிட்டது

கூட்டுப்புழுவாகிவிட்டது, கெடவில்லை. 30 பாகையில் வீட்டு ஈயின் புழு நாலைந்து நாளில் வளர்ச்சியை முடித்து, ஓடாகச் சுருங்கி, இன்னும் நாலைந்து நாளில் ஈயாகும். ஓடு வெளிர் செம்மஞ்சளாக இருக்கும்போது மென்மையாக இருக்கும்; குருவிகள் நெளியும் புழுவைவிட இதை விரும்பித் தின்பதும் உண்டு. கருஞ்சிவப்பாக மாறிவிட்டால் ஈ வெளியே வரும் நாள் நெருங்கிவிட்டது. ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் கனமானவை அமிழும், வெறும் கூடுகள் மிதக்கும். அமிழ்ந்ததை எடுத்துத் துடைத்துக் கொடுங்கள். உங்களுக்கு வெள்ளைப் புழுவே வேண்டுமென்றால் வயிறு வெறுமையான அந்த நாளிலேயே குளிரில் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் தவறிவிடும்.

எறும்பு

டப்பாவைத் தண்ணீர்த் தட்டுக்குள் கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரக் கரைசல் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. மருந்துச் சோக்குக் கீறுவது, தூள் தூவுவது, மூடிய அறையில் நுளம்பு மருந்து அடிப்பது, இவை எதுவும் புழுப்பெட்டி இருக்கும் இடத்தில் கூடாது. எறும்பைக் கொல்வது புழுவையும் கொல்லும், அந்தப் புழு குருவியையும் கொல்லும்.

தவிடு சூடாகிறது, புளிக்கிறது, பூக்கிறது

தவிட்டுக்கு நமக்குப் பஞ்சமில்லை. அம்பாறை வயல்களும் படுவான்கரை வயல்களும் விளையும் நாட்டில், பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் எந்த ஆலையிலும் மூட்டை கிடைக்கும். ஆனால் எல்லாத் தவிடும் ஒன்றல்ல. பச்சைநெல் குத்திய தவிட்டில் எண்ணெய் சில நாளிலேயே சிக்கடித்துவிடும். அவித்த நெல்லின் தவிடு அதைவிட நாள் தாங்கும், நெல் அவியும்போது எண்ணெயைக் கெடுக்கும் பொருள் செயலிழந்துவிடுவதே காரணம். உமித்தூள் நிறையக் கலந்த தவிடு புழுவைச் சுத்தமாக்க உதவும், வளர்க்க உதவாது. ஆலையில் கேட்டு வாங்குங்கள், சொல்வார்கள்.

வளர்க்கும் கும்பாவில் தவிடு சுட்டால் தண்ணீர் அளவில் பிழை, அல்லது தவிட்டு அடுக்கு அதிக உயரம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். இரண்டு மூன்று துளி கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கசியாமல் உதிர்ந்தால் போதாது. சிறிய தேக்கரண்டி பால்மா சேர்த்தால் புழு கொழுக்கும், அதிகமாகச் சேர்த்தால் நாறும். தவிட்டின் மேல் பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்டால் மேலே வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சண நஞ்சு சிறு பறவையின் ஈரலைத் தாக்கும். கும்பாவோடு கொட்டிக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

உலர்ந்த தவிட்டின் மேல் சாம்பல் நிறத் தூசு படிந்து, உற்றுப் பார்த்தால் அது மெல்ல நகர்ந்தால், தவிட்டில் சிற்றுண்ணி பிடித்திருக்கிறது. வாங்கிய தவிட்டை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்த பிறகே பயன்படுத்தினால் உண்ணியும் வண்டும் வராது.

வீடெல்லாம் ஈ

அயலவர் முகம் கோணும் முன் இதைச் சரிசெய்யுங்கள், அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. திறந்த கும்பாவில் ஊர் ஈ வந்து முட்டையிடும்படி வைப்பதே பலர் செய்வது. அந்த ஈ முன்பு எதில் உட்கார்ந்திருந்தது என்று யோசித்தால் அந்த வழியில் மனம் போகாது. சட்டம் கட்டி நுளம்பு வலை போர்த்திய சிறு கூடு ஒன்றில் ஈயையே வளர்த்துவிடுங்கள். சீனியும் பால்மாவும் உலர்வாக ஒரு மூடியில், தண்ணீர் நனைத்த பஞ்சு இன்னொன்றில், ஈரத் தவிடு ஒரு கோப்பையில். வெள்ளைக் கொத்தாக முட்டை தெரிந்ததும் கோப்பையை எடுத்து மூடிய கும்பாவுக்கு மாற்றலாம். இரண்டு மூன்று தலைமுறை இப்படி வலைக்குள்ளேயே கழிந்த பிறகு, உங்கள் புழு எதைத் தின்று வளர்ந்தது என்பது உங்களுக்கு முழுவதும் தெரியும்.

குருவி தொட்டே பார்க்கவில்லை

பழக்கமில்லாத குருவிக்கு நெளிவது உணவென்று தெரியாது, சில வேளை பயப்படும். சில புழுவைக் கொதிநீரில் இரண்டு வினாடி முக்கி எடுத்து, மசித்த முட்டையின் மேல் வையுங்கள். காலையில், மற்ற உணவு வைப்பதற்கு முன் கொடுங்கள். தின்னத் தெரிந்த ஒரு பெங்கலீஸைக் கூடவிட்டால் மற்றவை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். புழு பெரிதாக இருப்பதும் ஒரு காரணம். முழுவளர்ச்சிக்கு ஒரு நாள் முந்திய சிறு புழுவே பின்ச்சின் அலகுக்கு ஏற்றது.

உயிருள்ள புழு குருவியின் வயிற்றைத் துளைத்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. தின்றதை அரைக்கும் உறுப்பான அரைப்பை அதை நசுக்கிவிடும், அந்தப் பயம் வேண்டாம். பொரித்து ஓரிரு நாளான குஞ்சு உள்ள கூட்டுக்கு மட்டும் முக்கியெடுத்த இளம்புழுவாகக் கொடுங்கள், தடித்த தோல் அந்தப் பிஞ்சு வயிற்றுக்குச் செரிக்காது.

எச்சம் இளகுகிறது, குஞ்சு வெளியே கிடக்கிறது, முட்டைத் தோல் மெல்லியதாக இருக்கிறது

எச்சம் ஒரு நாள் இளகுவது புது உணவால். மூன்றாம் நாளும் இளகினால் அளவைக் குறையுங்கள், கறை மறையாத புழுவைக் கொடுத்தோமா என்றும் பாருங்கள். அரை மணிக்குள் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்கு. மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். குஞ்சு இல்லாத காலத்தில் வாரத்தில் ஓரிரு தடவை, குருவிக்கு நாலைந்து புழு போதும். நாள்தோறும் கொடுத்தால் கொழுத்துப் பறக்கச் சோம்பும், ஆண்கள் ஒன்றையொன்று துரத்தும்.

குஞ்சு வெளியே எறியப்பட்டிருந்தால், புழு திடீரென்று நின்றதா என்று முதலில் கேளுங்கள். மழைக்குத் தவிடு நனைந்து இரண்டு நாள் புழு இல்லாமல் போனால் போதும், தாய் தகப்பன் கைவிட்டுவிடும். குஞ்சு இறகு முளைத்துக் கூட்டை விட்டு வெளிவர மூன்று வாரம் ஆகலாம். அத்தனை நாளைக்கும் புழு கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் சோடியைக் கூட்டுக்கே விடாதீர்கள். நிறுத்தும்போதும் சிறுகச் சிறுகக் குறையுங்கள்.

மெல்லிய தோல் முட்டைக்கும் முட்டை அடைப்புக்கும் காரணம் கல்சியக் குறைவு. ஈப் புழுவில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. அதனால் புழு கூடக் கூட இந்தக் குறை வளரும். இதற்கு மருந்தைக் கடலே நம் காலடியில் போடுகிறது. கல்லடியிலும் பாசிக்குடாவிலும் திருக்கோவிலிலும் கரையொதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி வாருங்கள். நல்ல தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து உப்பை நீக்கி, மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள். கொஞ்சத்தைத் தூளாக்கி, புழுவை அதில் புரட்டியும் கொடுக்கலாம். முட்டை அடைத்த பேட்டை மட்டும் வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்காதீர்கள், இளஞ்சூட்டில் வைத்து அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிளாக் சோல்ஜர் புழு மட்டும் செத்துப்போகிறது, அல்லது கறுத்து ஓடுகிறது

இந்தப் புழுவைப் பிரிட்ஜில் வைத்ததே காரணம். பத்துப் பாகைக்குக் கீழே இது நீடித்து உயிர்வாழாது. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், சிமெந்துத் தரையில், உலர்ந்த தவிட்டில் வைத்தால் போதும், இரட்டைப் பானையும் நன்று. இதன் தோலில் கல்சியம் நிறைய உண்டு. முட்டையிடும் பேட்டுக்கு வீட்டு ஈயின் புழுவைவிட இதையே நான் விரும்புவேன். தோல் தடிப்பானதால் சிறியதாக, வெளிர் நிறமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இதற்கும் மரக்கறித் தோலும் பழமும் தவிடும் மட்டுமே தீனி. மீன்குடல் போடும் தொட்டியிலிருந்து குருவிக்கு எடுக்கக் கூடாது.

கறுத்து, தின்பதை நிறுத்தி, தொட்டியை விட்டு ஏறி ஓடுவது கூட்டுப்புழுவாக உலர்ந்த இடம் தேடித்தான். தொட்டிக்குள்ளிருந்து வெளியே ஒரு பலகையைச் சரிவாக வைத்து, அதன் முடிவில் ஒரு வாளியை வைத்தால் தாமாகவே வந்து விழும். பின்ச்சுக்கு அவை கடினம், கோழிக்குப் போடுங்கள். ஒரு கைப்பிடியை மட்டும் உலர்ந்த தும்புத்தூளில் விட்டு, வெயில் படும் வலைக்கூட்டில் வையுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஈயாகி வெளிவரும். வெயில் இல்லாவிட்டால் அவை சோடி சேரா. அதனால் மாரி தொடங்குமுன் முட்டை எடுத்துத் தொட்டியை நிரப்பிவிடுங்கள்.